நின்று நின்று ஓடும் படம்

மாணவர்களே! கணினியில் ஒரு பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆசிரியர் சமன்பாட்டை எழுதக் கையைத் தூக்குகிறார். தூக்கிய கை அப்படியே நின்றுவிடுகிறது. திரையின் நடுவே ஒரு வட்டம் சுழல்கிறது. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020ஆம் ஆண்டில், இணையத்தில் படித்தவர்களுள் இந்த வட்டத்தைப் பாராதவர் அரிது. 'கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்' என்று வீட்டில் சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் செலவு! அதற்கு முன் குற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

சிவகிரிக்கு மேற்கே நிற்கும் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடைகளில் தண்ணீர் புரண்டு வரும். நாலு நாள் வெயிலடித்தால் நூலாக ஒழுகும். வயலுக்கோ ஒரே சீராகத் தண்ணீர் வேண்டும். ஆகவே நம் முன்னோர் நடுவில் குளத்தை வெட்டினார்கள். வரத்து ஏறி இறங்கினாலும் மடையில் பாயும் நீர் மாறுவதில்லை.

இணையத்தில் படம் வருவதும் இப்படியே. 'ஸ்ட்ரீமிங்' என்னும் பெயருக்கே ஓடைபோல் ஓடிவருதல் என்பதுதான் பொருள். தகவல் சிறு சிறு பொட்டலங்களாக, சில வேளை விரைந்தும் சில வேளை தயங்கியும் வருகிறது. கணினி அதை நினைவகத்தின் ஒரு பகுதியில் தேக்கிவைத்து, அங்கிருந்து சீராகத் திரைக்கு விடுகிறது. இந்தத் தேக்கத்துக்குப் 'பஃபர்' என்று பெயர். குளம் வற்றினால் வட்டம் சுழல்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பாடம் 10 நிமிடம், அதாவது 600 நொடி. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் அது ஓடுகிறது என்க. மொத்தம் 1200 மெகாபிட். உங்கள் இணைப்பில் நொடிக்கு 1.5 மெகாபிட்தான் வருகிறது. தொடக்கத்தில் 10 நொடிக்கான படம், அதாவது 20 மெகாபிட், தேங்கியதும் படம் ஓடத் தொடங்குகிறது. நொடிக்கு 2 போகிறது, 1.5 வருகிறது, தேக்கம் நொடிக்கு 0.5 வீதம் குறையும். 40 நொடியில் குளம் காலி! மறுபடி 20 மெகாபிட் நிரம்ப 13 நொடிக்கு மேல் ஆகும். ஓடுவதும் நிற்பதும் மாறி மாறி வரும் தாளத்தின் காரணம் இதுவே.

முழுப் பாடமும் வந்துசேர 800 நொடி பிடிக்கும். ஆகவே முதலிலேயே 200 நொடி காத்திருந்தால் பிறகு தடையே இராது. படத்தை நிறுத்திவைத்துவிட்டு ஒரு குவளை தண்ணீர் குடித்துவரும் பழக்கம் வெறும் மூடநம்பிக்கை அன்று! ஆனால் இன்றைய தளங்கள் பல, ஓரளவுக்கு மேல் முன்கூட்டித் தேக்குவதில்லை. அங்கே படத்தின் தரத்தை ஒரு படி குறைப்பதே வழி. நொடிக்கு 1 மெகாபிட் போதும் என்றால், அதே இணைப்பில் குளம் நிரம்பி வழியும். ஒன்றை மறவாதீர்கள்: இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட்.

சரி, குற்றம் இணைப்பிலா, கணினியிலா? படத்தின் அடியில் உள்ள கோட்டைக் கவனியுங்கள். பார்த்து முடித்த பகுதி ஒரு நிறத்திலும், வந்து தேங்கிய பகுதி வெளிறிய நிறத்திலும் இருக்கும். வெளிறிய கோடு முன்னே ஓடாமல் ஒட்டியே நின்றால் வரத்துப் போதவில்லை. கோடு நன்றாக முன்னே சென்றிருந்தும் படம் வெட்டி வெட்டி ஓடினால் பழி இணையத்தின்மேல் இல்லை.

பின் எதன்மேல்? 1280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் உள்ள படத்தில், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 படம் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 55 கோடி பிட் ஆகிறது. அதை அப்படியே அனுப்ப இயலாது. எனவே அவ்வப்போது ஒரு முழுப்படம், இடையில் மாற்றங்கள் மட்டும் என்று சுருக்கி அனுப்புகிறார்கள். கரும்பலகை அசைவதில்லை, ஆசிரியரின் கை மட்டுமே அசைகிறது அல்லவா? சுருக்கியதை விரிப்பது உங்கள் கணினியின் வேலை. பத்துச் சாளரங்கள் திறந்திருந்தாலும், விசிறியில் தூசி அடைத்துக் கணினி சூடேறினாலும் அது திணறும். ஒலி தடையின்றி வர, படம் மட்டும் தத்தினால் பெரும்பாலும் காரணம் இதுதான். மற்றச் சாளரங்களை மூடுங்கள், உலாவியைப் புதுப்பியுங்கள். புதுக் கணினிப் பேச்சு அப்புறம் இருக்கட்டும்.

ஒலியே வராவிட்டால், ஒலிபெருக்கி முடக்கப்பட்டுள்ளதா, ஒலி வேறு கருவிக்குப் போகிறதா என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

வரத்துக் குறைவுக்கும் பல காரணங்கள் உண்டு. மத்திய அலை வானொலியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அது மேடுகளை ஓரளவு வளைந்து கடக்கும். கைப்பேசியின் 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ சுமார் 17 சென்டிமீட்டர். குன்றுக்குப் பின்னால் அதற்கு நிழல் விழுகிறது. மலையடிவார ஊர்களில் ஒரு தெருவில் கிடைக்கும் இணைப்பு அடுத்த தெருவில் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். கைப்பேசியைச் சன்னலருகே வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் வைஃபை என்றால் சுவர்களைக் குறையுங்கள்; முடிந்தால் கம்பியால் இணையுங்கள்.

நேரலையில் மட்டும் இன்னொரு சிக்கல். பெய்யாத மழையைக் குளத்தில் தேக்க முடியுமா? தேக்கம் சிறிதாகவே இருக்கும். வரத்துச் சற்றுத் தடுமாறினாலும் படம் நின்றுவிடும். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் பார்த்தார்கள். இத்தகைய நேரங்களில் தொலைக்காட்சி ஓடும் வீட்டில் கைதட்டல் முதலில் கேட்கும்; கைப்பேசியில் பார்ப்பவர் அதற்குப் பிறகே கைதட்டுவார். செயற்கைக்கோள் அலை 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க ஆகும் நேரம் கால் நொடிதான். படத்தைச் சுருக்கி விரிக்கச் சில நொடி சேரும். கைப்பேசிக்கு வரும் படமோ, அதற்குமேல் குளத்தில் தங்கிவிட்டு வருகிறது.