நிழல் வீரன் கற்றுத் தந்த பாடம்

டெங்கிலில் எங்கள் வீட்டு அலமாரியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டு. அண்ணன் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்து ஃபிளாப்பிகள் அதற்குள் கிடக்கின்றன. ஒன்றின்மேல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்று எழுதியிருக்கும். பள்ளி விடுமுறைகளில் சாப்பாட்டையும் மறந்து நாங்கள் ஆடிய விளையாட்டு அது. சென்ற விடுமுறையில் அதை மீண்டும் ஆட ஆசை வந்தது. இம்முறை எமுலேட்டர் மென்பொருளின் துணையோடு, அது முதன்முதலில் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிப் பதிப்பையே ஆடிப் பார்த்தேன். சிறுவயதில் கண்ணில் படாத நுட்பம் ஒன்று அப்போது புலப்பட்டது.

சின்னக் கணினி, பெரிய கனவு

1989-இல் அமெரிக்காவின் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர். நிலவறைச் சிறையிலிருந்து தப்பும் வீரன், 60 நிமிடங்களுக்குள் 12 கட்டங்களைக் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். அவன் ஓடுவதும் தாவுவதும் உண்மை மனிதனைப் போலவே இருக்கும். மெக்னர் தம் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் சொல்லி ஒளிப்பதிவு செய்து, அதைப் பார்த்துப் படம் படமாக வரைந்ததே காரணம்.

அந்தப் படங்கள் நினைவகத்தை விழுங்கிவிட்டன. இருந்ததோ 128 கிலோபைட்! இன்று நம் கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. விளையாட்டில் சண்டை வேண்டும் என்று உடனிருந்த டோமி பியர்ஸ் வற்புறுத்தினார். ஆனால், புதிய எதிரியை வரைந்து வைக்க இடமில்லை.

நிழல் பிறந்த கணக்கு

திரையில் ஓர் உருவம் என்பது புள்ளிகளின் வரிசை. ஒளிரும் புள்ளி 1. இருண்ட புள்ளி 0. வீரனின் ஒரு வரி 011100 என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு புள்ளி வலப்புறம் நகர்த்தினால் 001110. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலும் கீழும் ஒரே எண் என்றால் 0. வேறு வேறு என்றால் 1. விடை 010010. உடல் மறைந்து ஓரம் மட்டும் மிஞ்சுகிறது. இக்கணக்கை ‘எக்ஸ்ஆர்’ என்பர். புதிய படம் ஒன்றுகூட வரையாமல், வீரனிலிருந்தே அவனுடைய நிழல் பிறந்துவிட்டது.

4-ஆம் கட்டத்தில் வீரன் ஒரு மாயக் கண்ணாடிக்குள் பாய, மறுபுறம் அந்த நிழல் வெளியேறுகிறது. பிறகு அவனுக்குரிய மருந்தைக் குடித்துவிடுகிறது. கடைசியில் வாளோடு எதிரே நிற்கிறது. அதை வெட்டினால் நம் உயிரும் குறையும். நாங்கள் எத்தனையோ முறை வெட்டிச் செத்திருக்கிறோம்! வாளை உறையிலிட்டால் இருவரும் ஒன்றாகிவிடுவர் என்பதை அண்ணன்தான் ஒருநாள் கண்டுபிடித்தார்.

காணாமற்போன மூலநிரல்

விளையாட்டு உலகெங்கும் பரவியது. அதன் மூலநிரல் எங்கே போனது என்று மெக்னருக்கே தெரியவில்லை. 2012-இல் அவருடைய தந்தை, வீட்டில் கிடந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பினார். உள்ளே இருந்த ஃபிளாப்பிகள் 20 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. காந்தப் பூச்சில் பதிந்த தகவல் காலப்போக்கில் மங்கும் தன்மையுடையது. ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் ஆகியோர் பழைய கருவிகளின் உதவியோடு அவற்றைப் படித்தெடுத்தனர். இன்று அந்நிரல் இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கிறது.

நம் வீட்டு ஃபிளாப்பிகள்

இதை அறிந்ததும் எங்கள் பிஸ்கட் டின்னை மறுபடியும் திறந்தேன். அண்ணனின் கையெழுத்தில் ‘மலர் - பாட்டி பேட்டி’ என்று ஒரு ஃபிளாப்பி. இன்று சைபர்ஜெயா நிற்கும் டெங்கில் வட்டாரம் முன்பு தோட்டங்களாக இருந்தது. அங்கே பால்மரம் வெட்டிய பாட்டியிடம், தமிழ்ச் சங்க மலருக்காக அண்ணன் எடுத்த பேட்டி அது. பக்கம் போதாமல் சிறு பகுதிதான் அச்சேறியது. பாட்டி இப்போது இல்லை.

கணினியில் செருகும் ஃபிளாப்பி கருவி ஒன்றை வாங்கிப் போட்டேன். கோப்பு திறந்தது, எழுத்தெல்லாம் புரியாத குறிகள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய நாள்முதல் நாம் கணினியில் தமிழ் எழுதி வருகிறோம். ஆனால், யூனிகோடு பரவும் முன் ஒரே குறியீட்டு முறை நிலைபெறவில்லை. பழைய கோப்பைப் படிக்க, அது எழுதப்பட்ட எழுத்துருவும் வேண்டும். அண்ணன் அதைத் தேடி அனுப்பினார். மூன்று பக்கங்கள் கிடைத்தன. நான்காம் பக்கத்தை ஃபிளாப்பி தரவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்த பாட்டி, ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார்.

மாணவ நண்பர்களே, முன்னாள் மாணவர்களே! உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். இந்த விடுமுறையில் அதைத் திறந்து பாருங்கள். முதலில் கோப்புகளை அப்படியே படியெடுங்கள். பழைய எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பக்கங்கள் மிஞ்சின. உங்கள் வீட்டில் நான்கும் மிஞ்சட்டும்.