கை எட்டும்; கண் எட்டுமா?

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலையில், திருமலகிரிக்கும் ஆல்வாலுக்கும் இடையே அமைந்துள்ளது லோத்குண்டா. தமிழ்நாட்டிலிருந்து பணியின் பொருட்டு வந்து குடியேறிய ஒரு குடும்பம் அங்கு வாழ்வதாக எண்ணிப் பார்க்கலாம். அப்பாவும் அம்மாவும் அலுவலகம் செல்வர். மகள் ஆறாம் வகுப்பு மாணவி. பகலில் பாட்டி மட்டுமே வீட்டில் இருப்பார்.

அப்பா அண்மையில் இரண்டு திறன் செருகிகளை வாங்கி வந்தார். 'ஸ்மார்ட் பிளக்' என்று கடைகளில் விற்கப்படுபவை அவையே. ஒன்றைக் குளியலறைக் கீசருக்கும், மற்றொன்றைப் பாட்டியின் அறையிலுள்ள மேசை மின்விசிறிக்கும் பொருத்தினார். திறன்பேசியிலுள்ள செயலியைத் தொட்டால் போதும். எங்கிருந்தாலும் அவற்றை இயக்கலாம், நிறுத்தலாம்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள். பிற்பகல் மூன்று மணிக்கு அப்பா அலுவலகத்தில் இருந்தபடியே செயலியைப் பார்த்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி வழக்கம்போல் அண்டை வீட்டிற்குச் சென்றிருப்பார் என்று எண்ணி, அதை நிறுத்திவிட்டார்.

ஆனால், பாட்டி அன்று அறையிலேயே உறங்கிக்கொண்டிருந்தார். வியர்வையில் நனைந்து விழித்தவர், மின்சாரம் நின்றுவிட்டது என்று கருதி, பனையோலை விசிறியுடன் புழுக்கத்தில் அமர்ந்திருந்தார். பள்ளியிலிருந்து திரும்பிய பேத்தி திகைத்தாள்.

"பாட்டி, மின்சாரம் இருக்கிறதே! குளிர்சாதனப் பெட்டி ஓடும் ஓசை உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றவள், செருகியின் பக்கவாட்டில் இருந்த சிறு பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுழன்றது. அப்படி ஒரு பொத்தான் இருப்பதைப் பாட்டிக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

மாலையில் நடந்ததை அறிந்த அப்பா வருந்தினார். பாட்டி சினம் கொள்ளவில்லை. "உன் கை அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் எட்டுகிறதப்பா, கண்தான் எட்டவில்லை" என்றார்.

செருகி இயங்கும் முறை

திறன் செருகி, சுவரிலுள்ள செருகுவாய்க்கும் மின்கருவிக்கும் இடையே பொருத்தப்படுவது. அதனுள் இரு முதன்மை உறுப்புகள் உள்ளன. ஒன்று, வை-ஃபை அலைகள் வழியாகச் செய்தியைப் பெறும் சில்லு. மற்றொன்று, 'ரிலே' எனப்படும் மின்காந்தச் சுவிட்சு. செயலியைத் தொட்டவுடன் கட்டளை இணையத்தின் வழியே ஒரு தொலைதூரக் கணினியை அடைகிறது. அங்கிருந்து வீட்டிலுள்ள வை-ஃபை கருவிக்கும், பின்னர் செருகிக்கும் வருகிறது. உடனே ரிலே மின்சுற்றை இணைக்கிறது அல்லது துண்டிக்கிறது.

மின்சாரம் ஓடுகிறதா, இல்லையா என்பதையே செயலி காட்டும். அறையில் யார் இருக்கிறார், கருவியின் அருகில் என்ன கிடக்கிறது என்பதை அது காட்டாது.

எந்தச் செருகிக்கு எந்தக் கருவி?

இந்திய வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். சுவரிலுள்ள சிறிய செருகுவாய் 6 ஆம்பியர் மின்னோட்டத்தையும், பெரியது 16 ஆம்பியரையும் தாங்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். எனவே, சிறியது தாங்கும் அளவு 230 × 6 = 1380 வாட்; பெரியது தாங்கும் அளவு 230 × 16 = 3680 வாட்.

2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதைச் சிறிய செருகுவாயில் இணைத்தால் கம்பிகள் சூடேறி, உருகி, தீப்பற்றவும் கூடும். கீசருக்கு 16 ஆம்பியர் செருகியும் 16 ஆம்பியர் செருகுவாயும் வேண்டும்.

1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் கணக்கு வேறு. அது இழுக்கும் மின்னோட்டம் 5 ஆம்பியருக்கும் குறைவு. ஆகவே, சிறிய செருகுவாயே அதைத் தாங்கும். ஆயினும், அதைத் தொலைவிலிருந்து இயக்குதல் தகாது. துணியின் மீது பெட்டி கவிழ்ந்து கிடந்தால், அலுவலகத்தில் இருப்பவருக்கு அது எவ்வாறு தெரியும்? மின்தடை நீங்கியதும் சில செருகிகள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வயலிலும் வந்த வசதி

தொலைவிலிருந்து மின்கருவியை இயக்கும் தேவை வயல்களிலும் எழுந்தது. பாசன மோட்டாருக்கு மின்சாரம் இரவில் வந்தால், உழவர் இருளில் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். பாம்பும் சேறும் வழியில் காத்திருக்கும். புனே நகரப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், கைப்பேசி மூலம் மோட்டாரை இயக்கும் 'நானோ கணேஷ்' என்னும் கருவியை உருவாக்கினார். 2009-ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் அது பரிசு பெற்றது. மோட்டாரை இயக்குவதோடு, வயலில் மின்சாரம் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பதையும் அக்கருவி உழவருக்குத் தெரிவித்தது. கட்டளை செல்வதோடு மறுமொழியும் வந்ததே அதன் சிறப்பு.

தெலங்கானாவின் அனுபவம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. மின்சாரம் வந்தவுடன் மோட்டாரைத் தானே ஓடச் செய்யும் 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' கருவிகளை உழவர்கள் பொருத்தியிருந்தனர். சில மணி நேரமே மின்சாரம் கிடைத்த காலத்தில் அவை உதவின. 2018 ஜனவரி 1 முதல் வேளாண்மைக்கு 24 மணி நேரமும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. அந்நிலையில், இக்கருவி பொருத்திய மோட்டார்கள் ஓயாமல் ஓடி, நிலத்தடி நீரை வற்றச் செய்யும் அச்சம் எழுந்தது. ஆகவே, ஆட்டோ ஸ்டார்ட்டர்களை அகற்றுமாறு அரசு உழவர்களைக் கேட்டுக்கொண்டது. கருவி மாறவில்லை, சூழல் மாறியது. சூழலை அறிந்து முடிவு செய்வது மனிதரின் கடமை.

லோத்குண்டா வீட்டிலும் அன்றிரவே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. பாட்டியின் அறைக் கருவியை நிறுத்துமுன் அவரிடம் தொலைபேசியில் கேட்க வேண்டும். வெப்பம் தரும் எக்கருவியையும் ஆளில்லா வீட்டில் இயக்கக் கூடாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பொத்தானைப் பயன்படுத்தக் கற்க வேண்டும். பாட்டிக்குக் கற்பிக்கும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள்.

சொற்பொருள்
செருகி – பிளக்
செருகுவாய் – சாக்கெட்
செயலி – ஆப்
சில்லு – சிப்
மறுமொழி – பதில்

மொழி அறிவோம்
பேசு + இ = பேசி; விசிறு + இ = விசிறி; செருகு + இ = செருகி. வினைச்சொல்லுடன் 'இ' சேர்ந்து கருவியின் பெயர் பிறக்கிறது.

பயிற்சி
1. 'உணர்', 'திருகு' ஆகிய சொற்களுடன் 'இ' சேர்த்துப் பெயர்ச்சொற்களை உருவாக்குக.
2. மின்சாரம் நிற்கவில்லை என்பதைப் பேத்தி எவ்வாறு அறிந்தாள்?
3. "கண்தான் எட்டவில்லை" என்று பாட்டி கூறியதன் பொருள் யாது?
4. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட் மின்சாரம் செலவாகும். 50 வாட் மின்விசிறி எத்தனை மணி நேரம் ஓடினால் 1 யூனிட் செலவாகும்?
5. நானோ கணேஷ், ஆட்டோ ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை எழுதுக.

செயல்பாடு
உங்கள் வீட்டு மின்கருவிகளில் அச்சிடப்பட்டுள்ள வாட் அளவைப் பெரியவர் துணையுடன் படித்துப் பட்டியலிடுக. எவற்றைத் தொலைவிலிருந்து இயக்கலாம், எவற்றை இயக்கக் கூடாது என்பதை வீட்டாருடன் பேசி, காரணத்துடன் எழுதுக.