கடினமாக ஓடும் காரும் அதன் டயர்களும்

"வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்று கார் வைத்திருப்போர் முறையிடுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்ட மாத்திரத்தில் வில்லை மாற்றலாமா, அதிர்ச்சி தாங்கியை மாற்றலாமா என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. ஆயினும், தூக்கிப் போடுதல் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பன வேறு வேறான இரண்டு அசைவுகள். ஒன்று, வண்டியின் உடல் முழுவதும் மெல்ல எழுந்து தாழ்வது. மற்றொன்று, சக்கரத்தில் படும் திடீர் இடி நம் முதுகெலும்பு வரை வந்து சேர்வது. இவற்றின் காரணங்கள் வேறு, பரிகாரங்களும் வேறு.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நம் சாலைகளில் உள்ள வேகத்தடைகளே போதும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட நெறிமுறையின்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடைய வளைந்த மேடாகும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மீது செல்லும் சக்கரம் ஏறி இறங்க அரை வினாடி ஆகிறது. குடியிருப்புகளின் வாயிலில் திருகாணியால் பொருத்தப்படும் ரப்பர்ப் பட்டையோ 35 சென்டிமீட்டர் அகலமே உடையது. அதே வேகத்தில் அதனைச் சக்கரம் வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது. முதலாவது மேட்டில் துன்புறுத்தும் வண்டியில் வில்லையும் அதிர்ச்சி தாங்கியையும் ஐயுற வேண்டும். அகன்ற மேட்டில் அமைதியாகச் சென்று, பட்டையிலும் குழியின் விளிம்பிலும் மட்டும் இடிக்கும் வண்டியில் முதலில் ஐயத்துக்குரியது டயரே. முறையீடுகளிற் பெரும்பாலன இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

வில்லின் மென்மையை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. வண்டியின் எடையால் வில் எவ்வளவு அமிழ்ந்து நிற்கிறதோ, அதைப் பொறுத்தே வண்டியின் அலைவு அமைகிறது. 25 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் வினாடிக்கு ஓர் அலைவு. 11 சென்டிமீட்டரானால் ஒன்றரை. 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்டால் இரண்டு. வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை வரையுள்ள அலைவு நடக்கும்போது உடல் இயல்பாக ஏற்கும் அசைவை ஒத்தது; ஆதலால் அது நம்மை வருத்துவதில்லை. வினாடிக்கு நான்கு முதல் எட்டு வரையுள்ள செங்குத்து அதிர்வையே அமர்ந்திருக்கும் மனித உடல் மிகுதியாக உணர்கிறது. பாரம் ஏற்றுவதற்கென அமைந்த வண்டி வெறுமையாகச் செல்லும்போது கடினமாயிருப்பதன் காரணமும் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது. முழுப் பாரத்துக்கு ஏற்ற வில் வெறும் வண்டிக்குப் போதிய அளவு அமிழ்வதில்லை.

டயரும் ஒரு வில்லே. ஆனால் அதன் விறைப்பு காரின் வில்லைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. இவ்விரு வில்களுக்கும் நடுவே சக்கரமும் அச்சும் வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை வரை துள்ளும் இயல்பு உடையன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் செல்கிறது. மீட்டருக்கு ஒரு மேடாகச் சிதைந்த சாலையில் சக்கரம் வினாடிக்கு 11 முறை உந்தப்படும். அஃதாவது, அது இயல்பாகத் துள்ளும் அளவிலேயே உந்தப்படும். இத்தகைய விரைந்த இடிகளை மேலேயுள்ள வில்லுக்கு முன்னரே விழுங்க வேண்டியது டயரின் பக்கச்சுவர். அச்சுவர் குட்டையானால் விழுங்குவதற்கு இடமில்லை.

டயரின்மீது பொறித்துள்ள எண்களைப் படித்தால் இது விளங்கும். 185/65 ஆர் 15 என்பதில் 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே பக்கச்சுவரின் உயரம் 120 மில்லிமீட்டர். இதற்கு மாற்றாக 195/55 ஆர் 16 பொருத்தினால் சுவர் 107 மில்லிமீட்டராகவும், 205/45 ஆர் 17 பொருத்தினால் 92 மில்லிமீட்டராகவும் குறைகிறது. மூன்றிலும் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 62 சென்டிமீட்டரே. வெளித்தோற்றத்துக்காகப் பெரிய ரிம் பூட்டுவோர் இழப்பது இந்த 28 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றுமே. இழப்பு அத்துடன் நிற்பதில்லை. முதல் அளவில் வழக்கமாகக் காணப்படும் 88 என்னும் பாரச் சுட்டெண் 560 கிலோவைக் குறிப்பது. 17 அங்குல அளவின் சாதாரண டயரில் உள்ள 84 என்பதோ 500 கிலோவையே குறிக்கும். குழியின் விளிம்பில் மோதும்போது ரிம் வளைவதும், டயரின் உள்நூல்கள் அறுந்து பக்கச்சுவரில் கொப்புளம் எழுவதும் குட்டைச் சுவர் டயர்களில் மிகுதி.

எனவே, கடினமான வண்டியை மென்மையாக்கும் நேரிய வழி எதிர்த்திசையில் செல்வதாகும். ஒரே மாதிரி காரின் விலை குறைந்த வகை 15 அங்குல ரிம்முடனும், விலை மிகுந்த வகை 16 அங்குல ரிம்முடனும் விற்கப்படுவது நம் நாட்டில் வழக்கம். பிரேக் பகுதி சிறிய ரிம்முக்குள் தடையின்றி அடங்குமாயின், உற்பத்தியாளரே அங்கீகரித்த அச்சிறிய அளவுக்குத் திரும்பலாம். ரிம்மை மாற்றாமல் 185/70 ஆர் 15 என உயர்ந்த சுவரை நாடுவோரும் உளர். அதனால் சக்கரத்தின் விட்டம் நூற்றுக்கு மூன்று பங்கு கூடும். வேகமானி 100 எனக் காட்டும்போது வண்டி 103இல் ஓடும். திருப்பத்தில் டயர் உட்புறம் உராயவும் கூடும். இவற்றை அளந்து பாராமல் செய்தல் தகாது. காற்று இறங்கினாலும் ஓடவல்ல 'ரன்பிளாட்' டயர்கள் சில உயர்ந்த கார்களில் உள்ளன. அவற்றின் பக்கச்சுவர் வலுவூட்டப்பட்டதாதலால் மிக விறைப்பானது. சாதாரண டயருக்கு மாறினால் மென்மை தெளிவாக விளங்கும். ஆனால் அவ்வண்டிகளில் மாற்றுச் சக்கரம் இராமையால் அதற்கும் இடம் காண வேண்டும்.

இனிக் காற்றழுத்தம். இங்குதான் பெரும் பிழை நேர்கிறது. வண்டி இடிக்கிறது என்பதற்காகச் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 25 பவுண்டு மட்டும் வைப்பவர்களைக் காண்கிறோம். நகரத்தில் இதனால் வண்டி மென்மையாக ஓடுவது மெய்யே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே டயர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 850 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் மடிந்து நிமிர்கிறது. காற்றுக் குறைந்தால் மடிப்பு ஆழமாகும். மடிப்பு ஆழமானால் ரப்பர் உள்ளே சூடேறும். சூடேறிய ரப்பர் உள்நூலை விட்டுப் பிரியும். 2012இல் திறக்கப்பட்ட யமுனை விரைவுச் சாலை போன்ற நீண்ட கான்கிரீட் சாலைகளில், சித்திரை வெயிலில், குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு விரைபவருக்கு இதன் விளைவு டயர் வெடிப்பாகலாம்.

அழுத்தத்தை அளக்கும் வேளையும் முக்கியமானது. காலையில் வண்டி ஓடுமுன் 30 பாகை வெப்பத்தில் 33 பவுண்டு இருந்த டயர் ஓடி 60 பாகைக்குச் சூடேறினால் 37 பவுண்டுக்கு மேல் காட்டும். நெடுந்தொலைவு வந்து பெட்ரோல் பங்க்கில் அளந்து, 'கூடுதலாக உள்ளது' எனக் காற்றை இறக்குபவர் உண்மையில் குறைவான அழுத்தத்துடனேயே பயணத்தைத் தொடர்கிறார். ஆகவே ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவைக் குளிர்ந்த டயரில் வைத்தல் வேண்டும். அங்கே குறைந்த பாரத்துக்கு ஓர் அளவும் நிறைந்த பாரத்துக்கு ஓர் அளவும் இருக்கும். முழுப் பாரத்துக்குரிய அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் தனியாக ஓட்டுபவர், ஒரு பைசாச் செலவின்றி அட்டவணையிற் கண்ட குறைந்த அளவுக்கு இறக்கி மென்மை பெறலாம். நைட்ரஜன் நிரப்பினால் சவாரி மெத்தென்றாகும் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஒரே அழுத்தத்தில் இரண்டும் ஒரே விறைப்பையே தரும்.

டயர் செம்மையாயிருந்தும் அகன்ற வேகத்தடையில் வண்டி துன்புறுத்தினால் மேலே நோக்கலாம். அதிர்ச்சி தாங்கி என்ற பெயர் சற்று மயக்கம் தருவது. அதிர்ச்சியை ஏற்பது வில். அதன் அலைவைச் சிறு துளைகளின் வழியே எண்ணெயைச் செலுத்தித் தணிப்பதே இக்குழலின் வேலை. எண்ணெய் கசிந்த குழல் வண்டியை மேட்டுக்குப் பின்னர் இரண்டு மூன்று முறை ஆடவிடும். பிரேக் போடுகையில் சக்கரம் சாலையை விட்டு எழும். தளர்ந்த வில்லோ வேறு வகையில் ஏமாற்றும். அது தாழ்ந்து நிற்பதால் சிறு குழியிலேயே எல்லையைத் தொட்டு, முட்டு ரப்பரில் மோதும். ஏறியவர் 'வில் மிகக் கடினம்' என்பார். உண்மையில் அது மென்மை மிகுந்து சோர்ந்த வில்.

வண்டியின் அடிப்பாகம் மேட்டில் தட்டுகிறது என்று சுருள்வில்லின் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் வளையம் செருகுவது இப்போது பரவியுள்ளது. வில்லின் விறைப்பு அதில் இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதமானது. ஆறு சுற்றுகளில் ஒன்று அடைபட்டால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். உயரம் சிறிது கிடைக்கும், மென்மை போகும். பின்புறத்தில் மட்டுமோ முன்புறத்தில் மட்டுமோ வில்லை மாற்றுவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். முன் வில் பின் வில்லைவிடச் சற்று மென்மையாக இருந்தால் வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடுவது விரைவில் அடங்கும் என்பதை 1930களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி தெளிவாக்கினார். மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். பிந்தி ஆடத் தொடங்கும் பின்புறம் சற்று விரைந்து ஆடினால் முன்புறத்தோடு இணைந்துவிடும். இந்த இசைவைக் கெடுக்கும் மாற்றம், ஒரு வில் மென்மையாயினும், பயணத்தை மென்மையாக்காது.

பழைய வண்டியாயின், இவற்றுக்கெல்லாம் முன் அச்சுக் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர்ப் புஷ்களைப் பார்க்கச் சொல்லலாம். அவை வெடித்துத் தேய்ந்திருந்தால் உலோகம் உலோகத்தைத் தட்டும். அந்த இடி புதிய டயராலும் புதிய வில்லாலும் நீங்குவதில்லை. புஷ்களின் விலை ஒரு டயரின் விலையைவிட மிகக் குறைவு.