நடந்தால் வலிக்கும் கால் – புறநாடி நோயும் புதிய சிகிச்சைகளும்

வீட்டிலிருந்து சந்திவரை நடக்கும்போது கெண்டைக்காலில் இறுக்கிப் பிடித்தாற்போல வலி எழுகின்றது. வேலியோரம் இரண்டு நிமிடம் நின்றால் வலி மறைந்துவிடுகின்றது. மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே வலி. "வயது போனால் இதெல்லாம் வரும்தானே" என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிடுவோர் நம்மில் பலர். ஆனால், நடந்தால் வருவதும் நின்றால் போவதுமான இந்த வலி பெரும்பாலும் முதுமையின் வலியுமன்று, வாதமுமன்று. காலுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேரவில்லை என்பதற்கு உடல் தரும் எச்சரிக்கை அது. இந்த எச்சரிக்கையை ஏற்று உரிய காலத்தில் வைத்தியரிடம் செல்வோருக்கு இன்று கிடைக்கும் உதவிகள் பல. பிந்திச் செல்வோருக்கோ காலையே இழக்க நேரிடலாம்.

நோயின் தன்மை

இருதயத்திலிருந்து உறுப்புகளுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களை நாடிகள் என்கிறோம். இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள் நாளங்கள். சிலரின் கால்களில் நீல நிறமாய்ப் புடைத்து நெளிந்து தெரிவன நாளங்கள். அது வேறு நோய். நாம் இங்கு பேசுவது நாடிகளைப் பற்றியது. நாடிச் சுவரில் கொழுப்பும் சுண்ணமும் ஆண்டுக்கணக்காகப் படிந்து உட்துவாரம் ஒடுங்குகின்றது. இதுவே புறநாடி நோய். 2015ஆம் ஆண்டில் உலகில் 23 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்ததாக ஆய்வாளர் கணித்துள்ளனர்.

புகைத்தல், சலரோகம், இரத்த அழுத்தம், கூடிய கொலஸ்ரரோல் ஆகிய நான்குமே இதன் முக்கிய காரணங்கள். காலின் நாடியில் படியும் கொழுப்பு இருதய நாடியையும் மூளைக்குச் செல்லும் நாடியையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே இந்நோயாளருக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் ஆபத்து மிக அதிகம். காலைக் காப்பதற்கான சிகிச்சை உயிரைக் காப்பதற்கான சிகிச்சையுமாகும்.

இளம் வயதினரைத் தாக்கும் இன்னொரு வகையும் உண்டு. 1908இல் நியூயோர்க்கில் லியோ பேர்கர் என்னும் வைத்தியர் இதனை விவரித்தார். பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட, புகையிலைப் பழக்கமுள்ள ஆண்களையே இது பீடிக்கின்றது. பீடி புகைக்கும் தெற்காசிய நாடுகளில் இது அரிதன்று. இவர்களுக்குப் புகையிலையை அறவே கைவிடுதலே தலையாய சிகிச்சை; ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைத்துக்கொள்வதால் பயனில்லை.

கண்டறிவது எப்படி?

பரிசோதனை எளிது. வைத்தியர் முதலில் பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்து, கையில் இரத்த அழுத்தம் அளப்பதுபோலவே கணுக்காலிலும் அளப்பார். கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கும்போது 0.90 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் நாடி ஒடுங்கியுள்ளது எனக் கொள்ளலாம். நீண்டகாலச் சலரோகிகளில் நாடிகள் சுண்ணம் படிந்து விறைத்துவிடுவதால் இந்தக் கணக்குப் பொய்யாகக் கூடிக் காட்டலாம். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் அளப்பது உண்மையைக் காட்டும்.

கத்தியின்றிக் காப்பாற்றிய கால்

நாடி அடைபட்டால் அதனைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சையை 1948இல் பாரிஸ் நகரில் ஜோன் குன்லின் செய்தார். நோயாளியின் காலிலிருந்தே ஒரு நாளத்தை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் பொருத்தி இரத்தத்தை ஓடவைத்தார். இம்முறை இன்றும் சிறந்த பலன் தருகின்றது.

அடுத்த பெரும் மாற்றம் 1964 ஜனவரி 16ஆம் திகதி அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் நிகழ்ந்தது. 82 வயது மூதாட்டி ஒருவரின் கால்விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலைக் கழற்ற வேண்டும் என்று வைத்தியர்கள் கூறினர். அவரோ முடியாது என்று மறுத்துவிட்டார். அப்போது சார்ள்ஸ் டொட்டர் என்னும் கதிரியல் நிபுணர் தொடை நாடியின் ஊடாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை ஏற்றி, ஒடுங்கிய இடத்தை விரித்தார். கால் சூடு பெற்றது, வலி நீங்கியது, புண் ஆறியது. இறக்கும்வரை ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் அம்மூதாட்டி தம் சொந்தக் கால்களிலேயே நடந்தார்.

பத்தாண்டுகளின் பின், 1974இல் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குருன்சிக் குழாயின் நுனியில் சிறு பலூனை இணைத்துக் கால் நாடியை விரித்தார். 1977இல் அதே பலூன் இருதய நாடிக்குள்ளும் சென்றது. இன்று உலகெங்கும் மாரடைப்பு நோயாளரைக் காக்கும் இச்சிகிச்சை, முதலில் காலைக் காப்பதற்காகவே பிறந்தது.

அண்மைய ஆராய்ச்சிகள்

பலூனா, சத்திரசிகிச்சையா? கால் பறிபோகும் நிலையிலுள்ளோருக்கு எது சிறந்தது என்று அறிய இரு பெரும் ஆய்வுகள் நடந்தன. 1,830 நோயாளரைக் கொண்ட முதலாவது ஆய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. காலில் தகுந்த நாளம் உள்ளோருக்குச் சத்திரசிகிச்சையே சிறந்தது என்று அது காட்டியது. 345 பேரைக் கொண்ட இரண்டாவது ஆய்வு 2023இல் வெளியாயிற்று. முழங்காலுக்குக் கீழே நாடி அடைபட்டோரில் பலூன் வழியை முதலில் நாடியவர்களே கூடுதலாகக் காலோடு உயிர் வாழ்ந்தனர். ஒரே முறை எல்லாருக்கும் பொருந்தாது என்பதே இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம். நாளத்தின் தரம், அடைப்பின் இடம், நோயாளியின் உடல்நிலை மூன்றையும் ஆராய்ந்தே வைத்தியர்கள் முடிவு செய்ய வேண்டும்.

முழங்காலுக்குக் கீழுள்ள நாடிகள் மிகவும் ஒடுங்கியவை. பலூனால் விரித்தாலும் விரைவில் மீண்டும் அடைபடுவன. இதற்கென, மருந்து பூசப்பெற்று, நாடியைத் தாங்கி நின்று, நாளடைவில் தானே கரைந்துபோகும் சல்லடைக் குழாய் ஒன்று ஆக்கப்பட்டுள்ளது. 261 பேரில் நடந்த ஆய்வில், ஒரு வருடத்தின் பின் நாடி மீண்டும் ஒடுங்காமலும் கால் இழக்கப்படாமலும் இருந்தோர் இக்குழாய் பெற்றவர்களில் நூற்றுக்கு 74. பலூன் மட்டும் பெற்றவர்களில் 44. 2024இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

திறப்பதற்கு நாடியே எஞ்சாதவர்களின் நிலை என்ன? அவர்களுக்காகக் கண்ட வழி வியப்பானது. குழாய் வழியே உட்சென்று, அடைப்புக்கு மேலுள்ள நல்ல நாடியை அருகிலுள்ள நாளத்துடன் இணைத்து, அந்த நாளத்தையே பாதத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் பாதையாக்கிவிடுகின்றனர். வேறு வழியற்ற 105 பேருக்கு இது செய்யப்பட்டது. ஆறு மாதங்களின் பின் நூற்றுக்கு 76 பேரின் கால்கள் காப்பாற்றப்பட்டிருந்தன. இம்முடிவு 2023இல் வெளியாயிற்று.

மருந்துகளிலும் முன்னேற்றம் உண்டு. அஸ்பிரினும் கொலஸ்ரரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசையும் நெடுநாளாக வழங்கப்படுவன. அடைப்பு நீக்கப்பட்டவர்களுக்கு அஸ்பிரினோடு றிவரொக்சபான் என்னும் மருந்தையும் சிறிய அளவில் கொடுத்தால் கால் இழப்பு, மாரடைப்பு போன்றவை குறைகின்றன என்று 6,564 பேரில் நடந்த ஆய்வு 2020இல் காட்டியது. ஆனால் இரத்தக்கசிவு ஆபத்துச் சற்றுக் கூடும். சலரோகத்துக்கு ஊசியாக ஏற்றும் செமகுளூட்டைட், சலரோகத்தோடு புறநாடி நோயுமுள்ள 792 பேரில் நடைத்தூரத்தைக் கூட்டியதாக 2025இல் அறியப்பட்டது. இவற்றை வைத்தியரின் ஆலோசனையின்றி எவரும் பாவித்தலாகாது.

நடையே மருந்து

இத்தனை புதுமைகளுக்கிடையில், ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தும் மருந்து ஒன்றுண்டு. அதற்குக் காசு வேண்டியதில்லை. அதுதான் நடை. நடக்கும்போது வலி வந்ததும் பலர் நடையையே விட்டுவிடுகின்றனர். செய்ய வேண்டியது அதற்கு மாறானது. வலி வந்த பின்பும் தாங்கக்கூடிய மட்டும் நடந்து, பின் நின்று, வலி தீர்ந்ததும் மீண்டும் நடக்க வேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது மூன்று மாதம் இவ்வாறு செய்தால் நடைத்தூரம் நன்கு கூடும். 2021இல் வெளியான ஆய்வொன்றில், வலி வராதபடி மெதுவாக நடந்தோருக்கு நடக்காதோரைவிட எந்த நன்மையும் கிட்டவில்லை. வலி வர நடந்தோரே முன்னேறினர். ஆயினும் பாதத்தில் புண் உள்ளோரும் ஓய்விலும் வலியுள்ளோரும் முதலில் வைத்தியரையே நாட வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

சலரோகம் உள்ளவர்கள் நாள்தோறும் இரவில் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். கண்பார்வை குறைந்தவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துவிடலாம். வளவிலும் வெறுங்காலோடு நடத்தல் ஆகாது. விறைத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுக்கக்கூடாது. சூடு உணராத பாதம் வெந்துபோகும். அப்புண் ஆறுவது கடினம்.

இரவில் படுத்ததும் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் வலி குறைதல்; இரண்டு வாரமாகியும் ஆறாத புண்; விரல் கறுத்தல் – இவற்றில் ஒன்று கண்டாலும் நாள் கடத்தலாகாது. திடீரெனக் கால் குளிர்ந்து வெளிறி, தாங்கமுடியாத வலியோடு விறைத்தால் அது அவசர நிலை. அங்கு நாளல்ல, மணித்தியாலமே கணக்கு. ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்த ஓட்டம் திரும்பாவிடில் தசைகள் மீளாமற் போகலாம்.

இறுதியாக ஒன்று. புண் முற்றி, காலைக் கழற்ற வேண்டும் என்று வைத்தியர் கூறும் வேளை குடும்பத்துக்கு மிகக் கொடியது. கிருமி உடலெங்கும் பரவும்போது உயிரைக் காக்க அதுவே வழியாக இருக்கலாம். ஆனால் அதற்கு அவகாசம் உள்ள இடத்தில், பணிவோடு ஒரு கேள்வி கேட்கும் உரிமை நோயாளிக்கும் உறவினருக்கும் உண்டு: "ஐயா, இந்தக் காலின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்தாயிற்றா? அடைப்பைத் திறக்க வழியுண்டா?" 82 வயது மூதாட்டி ஒருவரின் மறுப்பிலிருந்தே ஒரு புதிய வைத்தியம் பிறந்தது. உரிய வேளையில் கேட்கும் இக்கேள்வி இன்னும் பல கால்களைக் காக்கக்கூடும்.