கிருமி தெரியவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: ஹெபடைட்டிஸ் பி-க்காக மூன்று ஆண்டுகளாக என்டெகாவிர் சாப்பிடுகிறேன். இரத்தத்தில் கிருமி தெரியவில்லையாம். இனி கீழாநெல்லிக்கு மாறலாமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தத்தில் தெரியவில்லை என்பதும் உடலில் இல்லை என்பதும் ஒன்றல்ல. மாத்திரை, கிருமி பெருகுவதைத்தான் தடுக்கிறது; கல்லீரல் செல்லின் கருவுக்குள் பதுங்கிய அதன் மரபணு மூலத்தை அழிப்பதில்லை. திடீரென விட்டால் கிருமி மீண்டும் கிளம்பிக் கல்லீரல் அழற்சி கடுமையாகலாம். கல்லீரல் சுருங்கியவருக்கு உயிருக்கே ஆபத்து. சிலருக்கு நிறுத்தும் காலம் வருவதுண்டு. அதைப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து நிபுணர்தான் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகும் கண்காணிப்பு தேவை. என்டெகாவிரை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் இரவு எட்டு மணிக்குத் தோசை சாப்பிட்டால், மாத்திரை பத்து மணிக்கு. அதன்பின் இரண்டு மணி நேரம் தே தாரிக் கூட வேண்டாம்.

கீழாநெல்லி பலித்ததே என்பீர்கள். 1988-இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' இதழில் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தந்தது உண்மை. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. 'மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்' என்ற அச்சம், இன்னொரு ஹெபடைட்டிஸ் பி மருந்தான டெனோஃபோவிரின் பழைய வடிவத்துக்கு ஓரளவு பொருந்தும். என்டெகாவிரிலும், சிறுநீரகம் பலவீனமானால் அளவை மாற்ற வேண்டும். இவையெல்லாம் தவறாமல் பரிசோதனை செய்துகொள்ளக் காரணங்களே தவிர, மருந்தை விடுவதற்கல்ல. மலேசியாவில் குழந்தைகளுக்கு 1989 முதல் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த உங்கள் வீட்டாரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.