வானிலிருந்து சீரான படம் எடுக்கும் முறை

ஆளில்லாச் சிறு விமானமாகிய டிரோன் இன்று தோட்டப்புற இளைஞர் சிலரின் கைகளிலும் காணப்படுகின்றது. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டுப் பல ரப்பர்த் தோட்டங்கள் உருமாறிவிட்டன. எஞ்சியுள்ள பால்மரக் காட்டையும் லயங்களையும் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் வருங்காலப் பிள்ளைகளுக்காகப் படமாக்கி வைப்பது நற்பணியே. ஆயினும், பலர் எடுக்கும் படம் நின்று நின்றும் தடுமாறியும் ஓடுகின்றது. அதன் காரணத்தையும் அதைத் தவிர்க்கும் வழியையும் இங்குக் காண்போம்.

தடுமாற்றம் ஏன்?

விமானத்தை முன்னே செலுத்துதல், திருப்புதல், கேமராவைத் தாழ்த்துதல் ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் செய்ய வேண்டியுள்ளது. விரல் சற்றே தயங்கினாலும் படத்தில் அது தெரிந்துவிடும். கேமராவைத் தாங்கும் கருவி காற்றின் ஆட்டத்தைக் குறைக்குமேயன்றி, செலுத்துபவரின் தயக்கத்தைப் போக்காது.

செயலியின் உதவி

பறக்கும் வழியைத் தரையிலேயே வகுத்துக்கொள்ள லிச்சி போன்ற கைப்பேசிச் செயலிகள் உள்ளன. 2023இல் வெளிவந்த டிஜேஐ மினி 4 புரோ போன்ற சில விமானங்களுக்கு அவற்றின் சொந்தச் செயலியிலேயே இவ்வசதி உண்டு. எல்லாச் செயலிகளும் எல்லா விமானங்களோடும் இயங்கா. ஆகவே, வாங்குமுன் இதனை உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்முறை

1. வரைபடத்தில் நான்கைந்து வழிப்புள்ளிகளை மட்டும் குறியுங்கள். புள்ளிகள் நெருங்கினால் வழி கோணலாகும்.

2. திருப்பங்களை வளைவாக அமையுங்கள். நேர்கோட்டு முறையில் விமானம் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று திரும்பும். வளைவு முறையில் நிற்காமல் செல்லும்.

3. வழி முழுவதும் ஒரே வேகம் கொடுங்கள். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 240 மீட்டரைக் கடக்க 60 வினாடி ஆகும்.

4. கேமரா நோக்க வேண்டிய பொருளை, எடுத்துக்காட்டாகக் கோயிலை, முன்பே குறித்துவிடுங்கள்.

உயரக் கணக்கு

இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. பொதுவாகச் செயலியில் குறிக்கும் உயரம், விமானம் புறப்படும் இடத்திலிருந்து அளக்கப்படுவதாகும். கீழே உள்ள நிலத்திலிருந்து அன்று. மலையடிவாரத்தில் நின்று 40 மீட்டர் உயரம் கொடுப்பதாகக் கொள்வோம். மேடு 25 மீட்டர், அதன்மேல் நிற்கும் மரம் 20 மீட்டர்; ஆக 45 மீட்டர். விமானம் மரத்தில் மோதும் என்பது தெளிவு. மேலும் 20 மீட்டர் இடைவெளி விட்டு 65 மீட்டர் கொடுப்பதே முறை. விமானம் தானே திரும்பி வரும் உயரத்தையும் இவ்வாறே கணக்கிடுங்கள். மேட்டின் உயரத்தைக் கூகள் எர்த் வரைபடத்தில் அறியலாம். மெல்லிய கிளைகளையும் மின்கம்பிகளையும் விமானத்தின் உணர்கருவிகள் காணத் தவறக்கூடும். அவற்றை நேரில் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு நம்முடையதே

அனுமதியின்றி 400 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 120 மீட்டருக்கு மேல் பறக்கவிடலாகாது. விமான நிலையங்களின் அருகிலும் கூடாது. வான்வழிப் படப்பிடிப்புக்கு வேண்டிய அனுமதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடமும், நில அளவை வரைபட இலாகாவிடமும் முன்கூட்டியே விசாரியுங்கள். தோட்ட நிர்வாகத்தின் இசைவும் வேண்டும்.

மரம் சீவுவோரின் தலைக்கு மேல் ஒருபோதும் பறக்கவிடாதீர்கள். கூர்மையான உளியைக் கையில் ஏந்தி நிற்பவரின் கவனம் சிதறினால், மரத்தின் பட்டைக்கும் கேடு, அவரது கைக்கும் கேடு. அன்று பால்வெட்டு இல்லாத காட்டைத் தேர்ந்தெடுத்து, காற்று அடங்கியிருக்கும் காலைவேளையில் படம் எடுங்கள். விமானம் தானே பறந்தாலும், உங்கள் கண் அதன்மேலும், விரல் நிறுத்தும் பொத்தான்மேலும் இருக்கட்டும்.

வழி வகுப்பது செயலி. அவ்வழி சரியானதா என்று ஆராய வேண்டியவர் நாமே. தரையில் செலவிடும் அரைமணி நேரச் சிந்தனை, வானில் ஒரு நிமிடச் சீரான படமாகப் பயன் தரும்.