கருவை ஏன் விரட்டுவதில்லை?

கேள்வி: தானமாகப் பெற்ற சிறுநீரகத்தையே உடல் ஏற்க மறுக்கிறது. பாதி மரபணு அப்பாவுடையதான கருவை அம்மாவின் உடல் மட்டும் எப்படி ஏற்கிறது? (வாசகி, திருச்சி)

பதில்: 1953-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் கேட்ட அதே கேள்வி! தாயின் எதிர்ப்பு சக்தி மந்தமாகிவிடுகிறதோ என்பது அவர் முன்வைத்த ஊகங்களில் ஒன்று. அப்படியல்ல, அது விழிப்போடுதான் இருக்கிறது, வேலையைத்தான் மாற்றிக்கொள்கிறது.

தாயின் ரத்தத்தில் நேரடியாக நனைவது நஞ்சுக்கொடியின் (பிளசென்டா) மேற்படலம். அந்நியத் திசுவைக் காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. புரதங்கள் அதில் இல்லை. கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் நஞ்சுக்கொடிச் செல்களோ எச்.எல்.ஏ.-ஜி என்ற, ஆளுக்கு ஆள் அதிகம் மாறாத புரதத்தை ஏந்திச் செல்கின்றன. தாக்க வரும் செல்களை அது அமைதிப்படுத்துகிறது. 'டி-ரெக்' எனப்படும் கட்டுப்படுத்தும் செல்களும் அங்கே கூடிவிடுகின்றன.

என்னை அதிகம் வியக்கவைப்பவை என்.கே. செல்கள். பெயரே 'இயற்கைக் கொலையாளிகள்'. முதல் மூன்று மாதங்களில் கருப்பை உட்சுவரின் வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். ஆனால் இங்கே இவை கொல்வதில்லை. தாயின் ரத்தக்குழாய்கள் அகன்று, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் பாய உதவுகின்றன. அக்குழாய்கள் சரியாக அகலாவிட்டால், பின்னர் ப்ரீ-எக்லாம்ப்சியா எனும் ஆபத்தான ரத்தக்கொதிப்பு வரலாம்.

ஒன்று கவனியுங்கள். கையில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தத்திலுள்ள என்.கே. செல்கள் வேறு, கருப்பையில் இருப்பவை வேறு. கருச்சிதைவுக்குப் பின் ரத்தத்தில் அவற்றை எண்ணி, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தருவதற்குப் போதிய ஆதாரம் இல்லை. யாராவது பரிந்துரைத்தால், சம்மதிக்கும் முன் காரணம் கேளுங்கள்.